ஊரில் படைவீரர் நினைவுக்கல் வைக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்

எங்கள் ஊர் பெருந்துறைப் பக்கம். ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் பெயரை ஒரு கல்லில் வெட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, பணம் சேர்ந்தால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பணம் மாரியம்மன் நோம்பி சமயத்திலேயே சேர்ந்துவிட்டது. இழுத்தடித்தது மற்றதெல்லாம்: பெயர், இடம், தீர்மானம், எழுத்து. ஒரு அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லீங்க" என்று அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புவார்கள், அங்கே போனால் முதல் அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசைப்படி எழுதுகிறேன். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதலில் பெயர்ப் பட்டியல், கல் கடைசியில்

வசூல் தொடங்கும் முன்பே பட்டியலை முடித்துவிடுங்கள். பணம் கொடுத்தபின் "எங்க அப்பிச்சி பேரு எங்கே?" என்று ஒருவர் வந்து நின்றால் பதில் சொல்ல முடியாது.

வீடு வீடாகப் போகும்போது கேட்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ. என்றால்தான் புரியும்), முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, பதக்கம், பழைய மணியார்டர் துண்டு. இவற்றில் எதிலாவது படை எண்ணும் படைப்பிரிவும் இருக்கும். எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எண் இல்லாத பெயரை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்டாலும் பதில் வராது, ஏனென்றால் பட்டாளத்தில் பழனிச்சாமியும் ராமசாமியும் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்.

பதக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1914-18 போருக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் முகத்தில் ராஜா தலை இருக்கும், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். விஷயம் விளிம்பில் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரம் போன்ற அந்தக் குறுகலான இடத்தில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் பளபளப்புதான் தெரியும், பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து எழும்பி நிற்கும். பல வீடுகளில் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கிவிட்டது. இனிமேலாவது தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சில ஊர்களில் சாவடியிலோ பழைய பள்ளிச் சுவரிலோ, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டிய சலவைக்கல் பலகை இருக்கும். அதில் எண்ணிக்கைதான் இருக்கும், பெயர் இருக்காது. வருஷா வருஷம் அதன்மேலும் சுண்ணாம்பு அடித்து மூடியிருப்பார்கள். ஆசிட் ஊற்றிவிடாதீர்கள், சலவைக்கல்லையே அரித்துவிடும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு மூங்கில் சிம்பால் மெதுவாகச் சுரண்டினால் போதும்.

அப்புறம் இணையத்தில் தேட வேண்டியவை. இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்தவர்கள் அதில் வருவார்கள். உயிரோடு திரும்பி வந்தவர்கள் பெயர் அதில் இருக்காது. இது தெரியாமல் "எங்க அப்பாரு பட்டாளத்துக்கே போகலீன்னு சொல்றீங்களா" என்று சண்டை வரும்.

அங்கே தேடும்போது இன்றைய மாவட்டத்தைப் போட்டால் ஒன்றும் வராது. ஈரோடு 1979-லும் திருப்பூர் 2009-லும்தான் தனி மாவட்டமாயின, எனவே அந்தப் பக்கத்து ஊர்களைக் கோயம்புத்தூரில் தேடுங்கள். திருச்செங்கோடு, சங்ககிரி எல்லாம் சேலம். நாமக்கல் என்றால் சேலம், திருச்சினாப்பள்ளி இரண்டிலும் பாருங்கள். கரூர்க்காரர்கள் திருச்சினாப்பள்ளியில் பாருங்கள். பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், 'ழ' வருகிற இடத்தில் ஆங்கில 'எல்' போட்டுப் பாருங்கள். பாளையத்தில் முடிகிற ஊர்ப் பெயரை இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். பர்மாவில் இறந்து உடல் கிடைக்காதவர் என்றால் ரங்கூன் நினைவுச்சின்னம் என்று குறிப்பு வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் இறந்தவர்களுக்கு, டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தின் தளத்தில் பெயர் தேடலாம். அங்கே கிடைத்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள், பிற்பாடு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இந்த இரண்டு தளங்களிலும் கிடைக்காதவர்களுக்குத்தான் படைப்பிரிவின் ஆவண அலுவலகம் (ரெக்கார்ட் ஆபீஸ்). எங்கே எழுதுவது என்பது படைப்பிரிவைப் பொறுத்தது: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. (வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு) என்றால் செகந்திராபாத். ஊர்க் கமிட்டி பெயரில் எழுதினால் மூன்றாம் நபர் தகவல் என்று நிராகரிக்க வாய்ப்பு அதிகம். மனைவி, மகன், பேரன் பெயரில், உறவுக்கான சான்றோடு எழுதச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசு அலுவலகம் என்பதால் போஸ்டல் ஆர்டர் எடுத்து இணைக்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். கூடவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு மனு கொடுத்துவையுங்கள். ஆவண அலுவலகத்துக்கு அவர்கள் மூலம் போகும் கடிதத்துக்கு மதிப்பு தனி.

2. யாரைச் சேர்ப்பது, எப்படி எழுதுவது

இதை ஊர்க்கூட்டத்தில் பேசி நோட்டில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். வழக்கமாகச் சண்டை வருகிற இடங்கள் இவை.

போரில் இறந்தவர், பனிச்சரிவிலோ விபத்திலோ நோயிலோ பணியின்போது இறந்தவர், ஓய்வு பெற்று ஊரில் இறந்தவர் என்று மூன்று வகை உண்டு. போர்ச்சாவா இல்லையா என்பதற்கு ராணுவத்தில் தனிச் சான்று இருக்கிறது, அது ஓய்வூதியத்தோடு சம்பந்தப்பட்டது. கல்லில் நீங்கள் அந்தப் பிரிவினையைச் செய்யப் போகாதீர்கள். "பணியில் உயிர்நீத்தோர்" என்று ஒரே தலைப்பு, அதற்குக் கீழே "படையில் பணியாற்றியோர்" என்று இன்னொன்று. இரண்டு போதும்.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவரும் நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) இருந்தவரும் ஒரே ஊரில், ஏன் ஒரே வீட்டில்கூட இருக்கலாம். ஒருவரை விடுவது நியாயமில்லை. ஆண்டும் படையும் தெளிவாகப் போட்டு, தனித்தனி வரிசையில் இருவரையும் எழுதுங்கள்.

பழைய ஆவணத்தில் பெயரோடு சாதி ஒட்டி இருக்கும். கல்லில் வேண்டாம். எங்கள் பக்கம் ஒருவர் பெயரில் அதைச் சேர்த்தால் எல்லோரும் சேர்க்கச் சொல்வார்கள், அப்புறம் அது படைவீரர் கல்லாக இருக்காது. ஆவணத்தில் உள்ளபடி எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. பெயர் வரிசை இறந்த தேதிப்படி. வீட்டில் திதி கும்பிடுகிற நாள் வேறாக இருந்தாலும் ஆவணத் தேதியையே போடுங்கள்.

இனி வருகிறவர்களுக்கென்று கல்லின் அடியில் காலி இடம் விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எங்கள் வரைபடத்தைப் பார்த்த ஒரு ஆத்தா, பேரன் பட்டாளத்தில் இருக்கிறவர், விரலை அந்தக் காலி இடத்தில் வைத்து, "இது யாருக்கு கண்ணு?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அன்றே அதை எடுத்துவிட்டோம். தேவை வந்தால் பக்கத்தில் இன்னொரு கல் பதிக்கலாம், சுவரில் இடம் இருந்தால் போதும்.

ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குங்கள்: பெயரின் எழுத்து, இனிஷியல், தேதி, "இவ்வாறே பொறிக்கச் சம்மதம்" என்று ஒரு வரி, கையெழுத்து. இதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். மனைவி இருந்தால் மனைவி கையெழுத்துத்தான் முதலில்.

3. இடம்: அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்

எல்லோருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நாலு ரோடு கூடுகிற இடத்தில் வைக்கத்தான் ஆசை. அது நடக்காது. பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. "பக்கத்து ஊரில் இருக்கிறதே" என்று வாதாடிப் பயனில்லை, அது அதற்கு முன் வைத்ததாக இருக்கும் அல்லது நாளைக்கே எடுக்கச் சொல்வார்கள். சிலை என்று பேச்செடுத்தாலே கோப்பு மேலே மேலே போகும். எனவே என் யோசனை: சிலை வேண்டாம், மேடை வேண்டாம், ஏற்கெனவே உள்ள ஒரு கட்டடத்தின் சுவரில் பதிக்கிற கல் போதும்.

எந்த இடமானாலும் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கி, அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டை (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) பாருங்கள். அது ஓடைப் புறம்போக்கு, குளம், வண்டிப்பாதை என்று இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். இடம் பார்க்கக் காலி நிலமாக, மேடாக இருந்தாலும் பதிவேட்டில் நீர்நிலை என்றால் நீர்நிலைதான். கோயில் முன்னால் உள்ள மைதானம் பல ஊர்களில் கோயில் பெயரில் இருக்கும். அறநிலையத் துறைக்குள் நுழைந்தால் வருஷம் ஓடிவிடும்.

தோதான இடங்கள், என் வரிசைப்படி: ஊராட்சி அலுவலகச் சுவர் அல்லது வளாகம், பள்ளிச் சுவர், யாராவது எழுதிக் கொடுக்கிற பட்டா நிலம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் சம்மதம் மட்டும் போதாது, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் தனித்தனிக் கடிதம் கொடுக்க வேண்டும். பட்டா நிலம் என்றால் வாய்ச்சொல்லை நம்பிக் கல் நடாதீர்கள். வில்லங்கச் சான்று பார்த்து, அந்த ஒரு சென்டோ அரை சென்டோ ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிவு செய்தபிறகு நடுங்கள். இன்று அண்ணன் கொடுப்பார், நாளைக்குப் பாகப்பிரிவினையில் அந்த மூலை தம்பிக்குப் போகும்.

சங்ககிரி, நாமக்கல் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்குப் பக்கத்து ஊர் என்றால் இன்னொன்றும் பாருங்கள். நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும்.

4. கிராம சபைத் தீர்மானம்

இதுதான் உங்கள் கையில் இருக்கப்போகும் முக்கியக் காகிதம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கிறது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மாதமும் ஆகலாம், மூன்றரை மாதமும் ஆகலாம்: ஆகஸ்ட்டைத் தவறவிட்டாலும் அக்டோபர் பிடிக்கலாம், நவம்பரைத் தவறவிட்டால் ஜனவரிக் கடைசிதான்.

அன்றைக்கு எழுந்து நின்று பேசினால் மட்டும் போதாது. இரண்டு மூன்று வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்த்தாயிற்றா என்று பாருங்கள். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்: எந்தச் சர்வே எண், எந்தக் கட்டடத்தின் எந்தச் சுவர், கல்லின் நீள அகலம், "ஊராட்சி நிதிச் செலவின்றி, பொதுமக்கள் பங்களிப்பில்", இணைப்பாகப் பெயர்ப் பட்டியல், பராமரிப்பு யார் பொறுப்பு. "நினைவுச்சின்னம் அமைக்கலாம்" என்று மொட்டையாக எழுதிய தீர்மானம் பிறகு எதற்கும் உதவாது. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் சமயமென்றால் ஒன்றிய அலுவலகத்திலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்குக் கையொப்பமும் முத்திரையும் உள்ள நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

அந்த நகலை வைத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று பின்னால் கேட்பதற்கு அந்த எண் உதவும்.

5. பணம்

எம்.பி. நிதியை நம்பிக் காத்திருக்காதீர்கள், அதன் விதிமுறைகளில் நினைவுச்சின்னங்கள் அனுமதியில்லாத பணிகளாகத்தான் வெகுகாலமாக இருந்து வருகின்றன. வசூல்தான் வழி. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கு, எண் போட்ட ரசீது, செலவு நோட்டு. சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும், ஆனால் ஒரு சுவர்க்கல்லுக்கு அது அவசியமில்லை என்பது என் எண்ணம்.

கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் போடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கோயில் ட்யூப் லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைத்த கதையாகிவிடும். ஊராட்சி அலுவலகத்தில் தனிப் பிரேமில் நன்கொடையாளர் பட்டியலை மாட்டுங்கள். கல்லில் வருவது வீரர்கள் பெயரும், கடைசியில் "ஊர்ப் பொதுமக்கள்" என்ற ஒரு வரியும், ஆண்டும்.

மூன்று இடத்தில் விலை எழுதி வாங்குங்கள். கல், பாலிஷ், எழுத்து, ஏற்றிவந்து இறக்குவது, சுவரில் பதிப்பது, ஜி.எஸ்.டி. என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள், மொத்தத் தொகையாக வாங்கினால் கடைசியில் வண்டி வாடகையும் ஆள் கூலியும் தலையில் விழும். எழுத்துக்கு இவ்வளவு என்று பேசினால் 'கொ' ஒன்றா மூன்றா, புள்ளி கணக்கில் வருமா, எண்களுக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஐம்பது பெயர் இருக்கிற கல்லில் சிரிப்பு வராது. திறப்பு விழாச் செலவு கல் செலவைத் தாண்டிப் போகிற ஊர்களும் உண்டு, பந்தல், சாப்பாடு, மைக்செட் கணக்கைத் தனி நோட்டில் வையுங்கள்.

6. கல்லும் எழுத்தும்

அவிநாசிப் பக்கம் திருமுருகன்பூண்டியில் சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. உளியால் வெட்டுகிற எழுத்து வேண்டுமென்றால் அங்கே போங்கள். ஸ்டிக்கர் ஒட்டி மணல் அடித்து எடுக்கிற எழுத்து வேண்டுமென்றால் டவுன் கிரானைட் கடைகள் போதும். ஆழமாக வெட்டிய எழுத்துக்குப் பெயின்ட் உதிர்ந்தாலும் நிழலிலேயே படிக்க முடியும். தங்கக் கலர் பெயின்ட் திறப்பு விழா போட்டோவுக்கு அழகு, நம்ம ஊர் வெயிலுக்குச் சரிப்படாது, வெள்ளை தேவலை.

எடையைக் கணக்குப் பாருங்கள். கிரானைட் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. 4 அடிக்கு 3 அடி, 2 அங்குலத் தடிமன் என்றால் 150 கிலோ. இதைப் பசை வைத்துச் சுவரில் ஒட்டுகிறேன் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். 20 மில்லி மீட்டர் தடிமனில் 3 அடிக்கு 2 அடி என்றால் 30 கிலோதான், அதற்கும் எஃகு கிளாம்ப் போட்டே பதியுங்கள், கீழே குழந்தைகள் நிற்கிற இடம்.

இனி எழுத்துப்பிழை. நீங்கள் போனில் அடித்து அனுப்புவது யூனிகோட். கல் கடைக்குப் பக்கத்து டி.டி.பி. கடையில் பழைய பாமினி எழுத்துரு இருக்கும். மாற்றும்போது கொம்பு இடம் மாறும், 'ஸ்ரீ'யும் 'ஃ'கும் காணாமல் போகும், சில சமயம் எண்களும் குழம்பும். அதனால் ஸ்டிக்கர் வெட்டுவதற்கு முன், கல்லின் முழு அளவிலேயே ஒரு காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வாரம் ஒட்டிவைத்து, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வரிக்கு நேராகக் கையெழுத்துப் போடட்டும். படை எண்களை ஒருவர் ஆவணத்தைப் பார்த்து வாசிக்க இன்னொருவர் அச்சைப் பார்த்துச் சரிபார்க்கட்டும், ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் கண் ஏமாற்றும். கல்லில் விழுந்த பிழையை அழிக்க வழியில்லை, முகத்தை முழுக்க இழைத்து மறுபடி வெட்ட வேண்டும் அல்லது புதுக் கல்தான்.

மேலே நாலு சிங்க முத்திரை போடலாம் என்று கடைக்காரரே சொல்வார், வடிவம் அவரிடம் தயாராக இருக்கும். வேண்டாம். அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. படைப்பிரிவின் சின்னம் வேண்டுமென்றால் அந்த ரெஜிமென்ட் மையத்துக்கு எழுதிச் சம்மதம் கேளுங்கள். தலைகீழ்த் துப்பாக்கியும் ஹெல்மெட்டும் மட்டும் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

வேலை கொடுக்கும் மாதத்தையும் பாருங்கள். தை நோம்பி சமயத்தில் பட்டறையில் ஆள் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவரில் பதிக்கிற வேலை நிற்கும்.

7. திறப்பு

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்றால் ஊர் மொத்தமும் கிராம சபைக்குக் கூடியிருக்கும், ஆனால் அதிகாரிகள் யாரும் வர முடியாது. கொடிநாளான டிசம்பர் 7, வெற்றி நாளான டிசம்பர் 16, கார்கில் நாளான ஜூலை 26 பரவாயில்லை. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி முடியும்வரை தள்ளிப்போடுங்கள். பியூகிள் ஊத ஆள், சீருடையில் மலர்வளையம் வைக்க ஆள் வேண்டுமென்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவோ கோவை என்.சி.சி. குரூப் தலைமையகத்துக்கோ குறைந்தது ஒரு மாதம் முன்பே கடிதம் போக வேண்டும். திரையை விலக்குவது யார் என்று கட்சிக்காரர்களிடம் பேச்சு வளரும். இறந்தவர்களில் ஒருவரின் தாயோ மனைவியோ இருந்தால் அவர்கள் கையால் திறந்துவிடுங்கள், அதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

கொடிக்கம்பம் வைத்தால், 2022 ஜூலை முதல் திறந்த வெளியில் இரவிலும் கொடி பறக்கலாம். கிழிந்த கொடி மட்டும் தொங்கக் கூடாது, மாற்றுவது யார் பொறுப்பு என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

8. ஊரில் பழைய நடுகல் இருந்தால்

புலிகுத்திக் கல்லோ (புலியோடு சண்டை போட்டு இறந்தவருக்கு நட்ட கல்) வீரக்கல்லோ இருந்தால் புதுக் கல்லோடு சேர்த்து மேடை கட்டி சிமென்ட் பூசும் ஆசை வரும். அதை இருந்த இடத்திலேயே விடுங்கள். பெயின்ட், எண்ணெய், மணல் அடித்துச் சுத்தம் செய்வது எதுவும் வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், இடம் மாற்றினால் கேள்வி உங்களிடம்தான் வரும். நாலு பக்கமும் போட்டோ எடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைத்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒப்புதல் கடிதங்கள், தீர்மான நகல், ஆவண அலுவலகப் பதில்கள், ரசீதுகள் அனைத்தையும் மூன்று செட் நகலெடுத்து ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒன்று கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிடுங்கள்.